நீரோவுக்குக் குளிர் வேண்டும்

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம், கோடைக்கானல் உருளைக்கிழங்கு மண்டியின் பெரிய தராசில் நீரோ என்ற நாயை எடை போட்டார்கள். நூற்று அறுபத்திரண்டு ராத்தல். அடுத்து, அதை வளர்க்கும் செல்வமேரியை அதே தட்டில் ஏறச் சொன்னார்கள். எண்பத்தெட்டு ராத்தல். மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள்.

"ஏலே, இதுல யாரு யார வளக்குறது?" என்றான் ஒருவன்.

"கேப்பை கிண்டுறது நான். திங்கிறது அது. நீயே சொல்லு," என்று சொல்லிவிட்டுச் செல்வமேரி தட்டிலிருந்து இறங்கினாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அத்தனை பேர் நடுவில் நின்று பதில் சொன்னது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. இரண்டு வருடமாக அவள் வாய்விட்டுப் பேசியதில் பெரும்பகுதி அந்த நாயோடுதான்.

எடை போட்டதற்குக் காரணம் ஒரு கல்யாணம். நாயை லாரியில் ஏற்றி மலைக்குக் கீழே கொண்டுபோய் வைக்க முடிந்தால், செல்வமேரி ஆயக்குடிக்குப் போய் ஆரோக்கியதாஸைக் கட்டிக்கொள்வாள். முடியாவிட்டால் இல்லை. லாரிக்காரர் எடை தெரியாமல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

செல்வமேரி பெரும்பாறைப் பக்கத்துப் பெண். காப்பித் தோட்டத்தில் கொத்து வேலை பார்த்தவனைக் கட்டி, மூன்றாம் வருடமே அவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், பிழைப்புத் தேடி மலை ஏறி வந்தவள். ஏரிக்கு மேலே, தைல மரங்களுக்கு நடுவே இருந்த பங்களாவில் மிஸ் விட்லாக் என்ற துரைசாணிக்குச் சமையல் செய்தாள். துரைசாணி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். பாட்டு வராத பிள்ளைகளிடம்கூடக் குரல் உயர்த்தாத மனுஷி. 1954இல் ஊரைக் காலி செய்துகொண்டு போன தோட்டத்துரை ஒருவரிடமிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். அடுத்த மழைக்குள் அந்தக் கூடையில் அதன் தலை மட்டும்தான் நுழைந்தது.

செயின்ட் பெர்னார்டு சாதி என்றார் துரைசாணி. அவர் அறைக் காலண்டரில் அந்தச் சாதி நாய் ஒன்று கழுத்தில் சின்னப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கும். புனிதர் ஒருவரின் பெயரை நாய்க்குச் சொல்வது செல்வமேரிக்கு உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேவிட்டாள்.

"சாமி, நாய்க்கு அர்ச்சிஷ்டர் பேரச் சொல்றது பாவங்களா?"

"நாய் பேரு என்ன?"

"சாதிதாஞ் சாமி செயின்ட் பெர்னார்டு. கூப்புடுறது நீரோன்னு."

திரைக்குப் பின்னால் சாமியார் கொஞ்சம் யோசித்தார். "சாதிக்கு அர்ச்சிஷ்டர் பேரு. கூப்புடுறதுக்கு அர்ச்சிஷ்டரக் கொன்னவன் பேரு. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு, போ."

1957இல் துரைசாணி ஒரு வருட விடுப்பில் சீமைக்குப் போனார். போகும்போது வீட்டையும் நீரோவையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நீரோவின் காதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். போன இடத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருடமே இறந்துபோனார். வீடு தம்பி மகனுக்குப் போனது. அவர் விற்கிறவரை செல்வமேரியே இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார். பியானோவுக்குத் துணி போர்த்தி, முன்னறைகளைப் பூட்டிவிட்டு, செல்வமேரியும் நீரோவும் அடுப்படியிலும் அதை ஒட்டிய அறையிலும் குடியிருந்தார்கள்.

அந்த நாயை வைத்துக்கொள்வது முழுநேரச் சோலி. காலையில் கேப்பையும் கறிக்கடைக் கழிவும் போட்டு ஒரு பானை காய்ச்ச வேண்டும். அதை இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். பானையைத் தரையில் வைக்கக்கூடாது. கவிழ்த்த மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் வைத்தால்தான் அதன் கழுத்துக்கு எட்டும் உயரம். தின்றபின் ஓடவிடக்கூடாது, குடல் முறுக்கிக்கொள்ளும் என்று துரைசாணி சொல்லியிருந்தார். அதனால் சாப்பிட்டதும் அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொள்வாள். அதுவும் எழாது. தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அது நீரோவின் வாயில் வழிவதைத் துடைக்க. மாசி, பங்குனியில் முடி உதிரும். சீப்பு போட்டால் சாக்கு சாக்காக வரும். வேலியில் சிக்கியதைச் சிட்டுகள் கூடு கட்டக் கொத்திக்கொண்டு போகும்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குச் சுத்தபோசனம். கறியைக் கையால் தொடமாட்டாள். எனவே நீரோவுக்கும் வெறும் கேப்பைதான். அது பானையை முகர்ந்துவிட்டு அவளைப் பார்க்கும். "என்ன பாக்க? ஆண்டவரு சிலுவையில தொங்குறாரு, ஒனக்கு எலும்பு கேக்குதா?" என்பாள். அது பெருமூச்சு விட்டுக்கொண்டு கேப்பையைத் தின்னும்.

யாரையும் அது கடித்ததில்லை. குரைத்ததுகூட எண்ணிச் சொல்லலாம். ஆனால் ஊருக்கு அது தெரியாது. பால்காரர் கேட்டுக்கு உள்ளே வரமாட்டார். கேட்டின் கொக்கியில் பால் செம்பை மாட்டிவிட்டு, மணியை ஆட்டிவிட்டு, வெரசாப் போய்விடுவார். கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டி வீடு வீடாக உள்ளே போய்ப் பலகாரம் தின்னும். இவள் வீட்டில் கேட்டுக்கு வெளியிலேயே பாடும். நீரோ உள்ளிருந்து கூடச்சேர்ந்து ஊளையிடும். பாட்டு பாதியில் சிரிப்பாகி, லாந்தர் வெளிச்சம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். சுட்டு வைத்த முறுக்கு அப்படியே இருக்கும்.

தினம் பேச வருகிறவள் ஒருத்திதான். கவுஞ்சியிலிருந்து வந்து பள்ளிக்கூட விடுதியில் ஆயாவாக இருந்த அடைக்கலமேரி. அவளும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவாள்.

"உள்ள வாயேன் அக்கா."

"நாயா அது? கன்னுக்குட்டி. நான் இப்பிடியே நின்னுக்கிறேன், நீ சொல்லு."

சீசன் முடிந்து மழை இறங்கிவிட்டால் அடைக்கலமேரியும் வருவதில்லை. பள்ளிக்கு விடுமுறை விடும் மாதங்களில் மேகம் வராந்தாவுக்கே வந்துவிடும். வாசல் கேட்டுகூடக் கண்ணுக்குத் தெரியாது. நீரோ அந்தக் குளிரில் வாசற்படியில் நீட்டிப் படுத்து, மூக்கைப் பாதங்கள்மேல் வைத்து, சந்தோஷமாகத் தூங்கும். செல்வமேரி அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "மழை விட்டா மெழுகுத்திரி வாங்கணும் நீரோ," என்பாள். மழை விடாது. மறுநாளும் அதையே சொல்வாள்.

கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்த ஒரே ஆள் ஆரோக்கியதாஸ். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒன்பது வயதில் லீலா என்று ஒரு மகள். கொய்யாக் கூடைகளை வத்தலக்குண்டு வழியாக லாரியில் கொண்டுவந்து கோடைக்கானல் பஜாரில் இறக்குவார். மிஞ்சியதைப் பங்களா பங்களாவாக விற்க வந்தவர், மழையில் ஒதுங்க இடம் தேடி நுழைந்துவிட்டார். நீரோ எழுந்து போய் அவர் இடுப்பில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றது. அவர் கூடையோடு திண்டாடினார்.

"யம்மா, இது என்ன செய்யுது?"

"ஒங்களப் பிடிச்சிருக்கு. சாஞ்சு நிக்கிது. அவ்வளவுதான்."

"பிடிச்சதுக்கே இப்பிடின்னா!" என்றார் அவர். வேட்டியெல்லாம் எச்சில். ஒரு கொய்யாவை நீட்டினார். நீரோ அதை அவர் கையிலிருந்து உதட்டால் வாங்கி, படுத்து, பாதங்களுக்கு நடுவே வைத்து, பொறுமையாகத் தின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு லாரிக்கும் அவர் வந்தார். "எலே மாப்ளே!" என்று கேட்டிலிருந்தே குரல் கொடுப்பார். நாய் ஓடும். செல்வமேரி ஓடமாட்டாள், ஆனால் அடுப்பில் காப்பித்தண்ணீர் வைப்பாள்.

இரண்டு கொய்யாப் பருவம் இப்படிப் போனது. அதன்பிறகு அவரே கேட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"லீலாவுக்குத் தல பின்ன ஆளில்ல. எனக்குப் பேச ஆளில்ல. ஒனக்கும் ஆளில்ல. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லட்டா?"

செல்வமேரி நீரோவின் முதுகிலிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். "இது?" என்றாள்.

"கூட்டிட்டு வா. தோப்புல நெழலு கெடக்கு, கெணறு கெடக்கு."

"அது குளிருக்குப் பொறந்தது. ஒங்க ஊரு வெயிலுக்குத் தாங்குமா?"

"தாங்குதான்னு பாப்போம். தாங்கலன்னா யாருக்காவது குடுத்துட்டு வா."

கொடுத்துப் பார்த்திருந்தாள். துரைசாணி இறந்த சேதி வந்தபிறகு, கேட்ட ஒரு வாத்தியார் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அங்கே அது பானையைத் தொடவில்லை; வாசலைப் பார்த்துப் படுத்தே கிடந்தது. நாலாம் நாள் வாத்தியாரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நீரோ அன்று அவள்மேல் சாய்ந்த சாய்ப்பில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அதை யாருக்கும் கொடுப்பது என்ற பேச்சே அவளிடம் இல்லை.

அதனால்தான் அந்தத் தராசு. ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஒரு நாள் வெள்ளனே, இறங்குகிற லாரியில் வைக்கோல் பரப்பி, நீரோவை நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். செல்வமேரி பின்னாலேயே ஏறி அதோடு உட்கார்ந்தாள். ஆரோக்கியதாஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெட்டியில் தன் சேலைகளையும் எடுத்துக்கொண்டிருந்தாள். நீரோவுக்கு ஆயக்குடி ஒத்துக்கொண்டால் அவள் அப்படியே லீலாவின் பாட்டி வீட்டில் தங்குவது, மே மாதம் கல்யாணம். அதுதான் பேச்சு.

பெருமாள்மலை வரை நீரோ தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்துகொண்டு வந்தது. அதற்குக் கீழே நாக்கு வெளியே வந்தது. மலைச்சாரல் முடிந்து சமவெளி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. லாரித் தகடு சுட்டது. நீரோ எழுந்து, சுற்றி, விழுந்தது. மூச்சு வயிற்றிலிருந்து இரைந்தது. ஈறு கருஞ்சிவப்பாக மாறியது. செல்வமேரி தகரத்தைத் தட்டினாள். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் லாரி நின்றது.

ஒரு நிமிஷம்தான். கூட்டம் கூடிவிட்டது.

"கரடியாப்பா?"

"சிங்கம். சர்க்கஸ்ல செத்துப்போனத எடுத்துட்டுப் போறாங்க."

"சாகலடா, மூச்சு விடுது பாரு."

"எலே தள்ளுங்கடா, காத்து வரட்டும்!" என்று ஆரோக்கியதாஸ் கத்தினார். யாரும் தள்ளவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் வர, முன்னால் இருந்தவர்கள் லாரிமேல் ஏறினார்கள். ஒரு டீக்கடைக்காரர் அண்டாத் தண்ணீரைத் தர மாட்டேன் என்றார், வியாபாரத்துக்கு வேண்டுமாம். அப்போது மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தாள். பழனிக்குப் போகிறவள், சிவபாக்கியம் என்று பேர் சொன்னாள். இடுப்பில் பித்தளைக் குடம்.

"பைரவரு கெடக்காரு, வேடிக்கை பாக்கிறீக!" என்று சொல்லிக்கொண்டே குடத்தை நீரோவின் தலையிலும் வயிற்றிலும் கவிழ்த்தாள். அதன்பிறகுதான் மற்றவர்களுக்குக் கை வந்தது. டீக்கடைக்காரர்கூட அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். செல்வமேரி ஈரச் சேலை ஒன்றை நாயின்மேல் போர்த்தினாள். இன்னொன்றை நனைத்தாள். பெட்டியிலிருந்தது எல்லாம் ஈரமானது.

மேலே ஏறுகிற காலி லாரி ஒன்றை ஆரோக்கியதாஸ் பிடித்தார். பஸ் நிலையமே சேர்ந்து நீரோவை மாற்றி ஏற்றியது. அவரும் கூடவே ஏறினார். பாதி மலை ஏறியதும் மூச்சு இறங்கியது. பெருமாள்மலையில் மேகம் லாரிக்குள் வந்தபோது நீரோ முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்து, அவர் மடியில் தலையை வைத்தது.

அங்கே லாரி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. இரண்டு பேரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள்.

"சரி, கீழ ஆகாது," என்றார் அவர். "நான் மேல வரவும் முடியாது. மரத்தத் தூக்கிட்டா வர முடியும்?"

"முடியாது."

"இதுக்கு இப்ப என்ன வயசு?"

"அஞ்சு."

"எத்தன வருசம் இருக்கும்?"

செல்வமேரிக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் பெண் கேட்ட அன்றே மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்து, அடைக்கலமேரியிடமும் கறிக்கடைக்காரரிடமும் கேட்டு வைத்திருந்தாள். அடைக்கலமேரியின் அப்பா வீட்டு நாட்டு நாய் பதினாறு வருடம் இருந்ததாம். கறிக்கடைக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "கோழிக்கு ஆறு, ஆட்டுக்குப் பத்து, மாட்டுக்கு இருவது, ஆனைக்கு நூறு. உருப்படி பெருக்கப் பெருக்க ஆயுசும் பெருக்கும் தாயி. இது நாட்டு நாய் மாதிரி மூணு மடங்கு. இருவதுக்குக் கொறையாது." மூன்று பேருக்குமே அது நியாயமாகப் பட்டது. அந்த மலையில் அதற்கு முன் அப்படி ஒரு நாய் கிழடாகி யாரும் பார்த்ததில்லை.

"இன்னும் பத்து வருசத்துக்கு மேல இருக்கும்," என்றாள். பதினைந்து என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆரோக்கியதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரெண்டு மூணு வருசம்னா காத்துக் கெடந்துருவேன், செல்வமேரி. லீலாவ எங்கம்மா பாத்துக்கும். பத்துன்னா..."

"நான் காக்கச் சொல்லல."

"நீ சொல்ல மாட்ட."

"வயசுப் பொண்ணு ஆயிருவா அதுக்குள்ள லீலா. எனக்கு நாப்பத்தாறு. எதுக்கு? நல்லா ஒருத்தியாப் பாருங்க."

டிரைவர் ஹார்ன் அடித்தார். ஆரோக்கியதாஸ் லாரியில் ஏறவில்லை. கீழே போகிற பஸ்ஸுக்கு அங்கேயே நின்றுவிட்டார். நீரோ லாரியின் பின்தகடுமேல் மோவாயை வைத்து, வளைவு மறைக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு வந்தது. செல்வமேரி ஈரச் சேலைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பருவத்துக்குக் கொய்யா வந்தது, பஜாரோடு நின்றுவிட்டது. தை மாதம் அடைக்கலமேரி கேட்டுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமோ என்னமோ. அந்தக் கொய்யாக்காரருக்குத் திண்டுக்கல்லுல கல்யாணமாம். பொண்ணு பேரு உபகாரம்."

"நல்ல பேரு," என்றாள் செல்வமேரி.

"அழணும்னா அழுடி. நான் நிக்கிறேன்."

"அடுப்புல பானை கெடக்கு அக்கா." உள்ளே போய்விட்டாள். அடைக்கலமேரி கேட்டுக் கொக்கியில் கையை வைத்தாள். நீரோ எழுந்ததைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

செல்வமேரி தன் பத்து வருடத்துக்குத் தயாரானாள். அதை அவள் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள். புதுச் சாக்குகளை ஒன்றாகத் தைத்து நீரோவுக்குப் படுக்கை செய்தாள். மாலையில் ஏரியைச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். சீசன் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள், சிலர் படம் எடுத்தார்கள். படங்களில் நாய் மட்டும் இருக்கும், கயிறு பிடித்த கை ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சீசன் முழுக்க அவளிடம் அவளைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நாய் என்ன தின்னும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

1961 மே மாதம் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்த கால்நடை டாக்டர், சுவாமிநாதன். பங்களா கேட்டில் மனைவி பிள்ளைகளை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நீரோ எழுந்திருக்க இரண்டு முறை முயன்றுதான் எழுந்தது. அவர் அதன் இடுப்பைத் தடவினார், பல்லைப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"வயசு என்னம்மா?"

"ஏழு முடிஞ்சிருச்சுங்க."

"அருமையா வச்சிருக்கீங்க. இந்தச் சாதியில எட்டு வருஷம் தாண்டுறதே பெரிசு."

"இன்னும் எட்டுங்களா?"

"இன்னும் இல்லம்மா. மொத்தமே எட்டு. மிஞ்சினா ஒம்பது. இவ்வளவு பெரிய உடம்ப அந்த நெஞ்சு எத்தனை நாள் இழுக்கும்? சின்ன நாய்தான் ரொம்ப காலம் இருக்கும்."

செல்வமேரி துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். திரும்பவும் தோளிலேயே போட்டாள். "அப்ப ஆனைங்க?"

டாக்டர் சிரித்தார். "ஆனைக் கணக்கு ஆனைக்குத்தாம்மா. நாய்களுக்குள்ள இது தலைகீழ்."

அவர் சாப்பாட்டில் கறியைக் குறைக்கச் சொன்னார், படியேறவிட வேண்டாம் என்றார், நல்ல மனுஷராகப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு நீரோவைத் தொட வைத்தார். அவர்கள் போனபிறகு செல்வமேரி கேட்டைச் சாத்தினாள். பெருமாள்மலையில் ஆரோக்கியதாஸ் சொன்னது ரெண்டு மூணு வருசம். அதில் இரண்டு முடிந்திருந்தது.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. கறிக்கடைக்காரரிடம் கோபிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கோழி, ஆடு, மாடு என்று கையில் தெரிந்ததை வைத்துச் சொன்னார். அவளும் அதையே நம்பினாள். டாக்டர் சொன்னபடி கறியைக் குறைத்து வாங்க ஆரம்பித்தாள். கறிக்கடைக்காரர், "என்ன தாயி, அர்ச்சிஷ்டருக்குத் தெனமும் சுத்தபோசனமா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள்.

அந்த மழைக்காலம் நீரோவின் பின்னங்கால்கள் விட்டுப்போயின. வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால்தான் எழும். எண்பத்தெட்டு ராத்தல் பெண் அதைத் தினமும் தூக்கினாள். வெளியே கொண்டுபோய், காரியம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்தாள். பகலில் பியானோ இருந்த அறையைத் திறந்துவிட்டாள். அங்கேதான் தரை வழுக்காத கம்பளம் இருந்தது. நீரோ பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அதற்குத் துரைசாணியின் ஞாபகமா, கம்பளத்தின் சுகமா என்று செல்வமேரிக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பியானோத் துணியை விலக்கி, ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். நீரோ வாலை இரண்டு தரம் தரையில் அடித்தது. அதன்பிறகு தினமும் அந்த ஒரு கட்டையை அழுத்தினாள்.

1962 பிப்ரவரியில் ஒரு காலை, கேப்பைப் பானையை இறக்கிவிட்டுக் கூப்பிட்டபோது நீரோ தலையைத் தூக்கவில்லை. வாசலில் உறைபனி வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிடித்த குளிர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டபின் போடுவதுபோல் அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து மண்டிக்குப் போனாள். ஒற்றை ஆளாக வெட்டுகிற குழி அல்ல அது.

மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டதும் கடப்பாரையோடு புறப்பட்டார்கள். தராசில் விசிலடித்தவனும் இருந்தான். கொய்யாப் பருவம் முடிகிற நேரம். கடைசிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸ் பேச்சைக் கேட்டு, அவர்களோடு நடந்து வந்தார். தலை நரைத்திருந்தது. கேட்டில் வழக்கமாகக் கூப்பிடும் இடத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

தைல மரத்து வேர் குறுக்கே வந்ததால் வெட்டுவதற்கு மத்தியானம் ஆனது. கம்பளத்தோடு சேர்த்து நாயை இறக்கினார்கள். ஆட்களுக்குச் செல்வமேரி காப்பித்தண்ணீர் கொடுத்தாள். ஆரோக்கியதாஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றார்.

"மூணு வருசந்தான் இருந்துருக்கு," என்றார்.

"ஆமா."

"பத்துன்னு சொன்னியே."

"பத்துன்னுதான் நெனச்சேன்."

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு குடித்து முடித்தார். "கைப்புள்ள இருக்கு எனக்கு இப்ப. பையன்."

"கேள்விப்பட்டேன். லீலா நல்லாருக்காளா?"

"தானே சடை போட்டுக்கிறா." டம்ளரை அலசிக் கவிழ்த்து வைத்தார். "நான் வெரசாப் போகணும். லாரி நிக்காது."

"போய்ட்டு வாங்க."

அவர் கொண்டுவந்திருந்த ஒரு பை கொய்யாவை, குழி மூடி முடித்த ஆட்கள் வேலியோரம் உட்கார்ந்து தின்றார்கள். தராசில் விசிலடித்தவன் ஒன்றை அவளிடம் நீட்டினான். "தின்னுக்கா," என்றான். அவள் வாங்கித் தின்றாள்.

மறுநாள் காலை செல்வமேரி கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். பால்காரர் வந்தார். கொக்கியில் செம்பை மாட்டினார், மணியை ஆட்டினார், வெரசாப் போனார். அவருக்குச் சேதி தெரியும், பழக்கம்தான் விடவில்லை. அன்று மாலை அடைக்கலமேரியும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அவள் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார ஒரு வாரம் பிடித்தது. உட்கார்ந்ததும் இரண்டு பேருக்குமே என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஏப்ரலில் தம்பி மகன் பங்களாவை விற்றார். பியானோவை ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் செல்வமேரி அடைக்கலமேரி வேலை பார்த்த விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அங்கே நாய் வளர்ப்பதில்லை.